முதலாளிக்கு ஐந்து நட்சத்திரம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். நலம் என்று எழுதுவதுதான் முறை என்பதால் நலம். உங்கள் முழங்கால் வலியும், அதைப் பற்றி நீங்கள் ஓயாமல் பேசுவதால் சித்திக்கு வரும் தலைவலியும் இந்நேரம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இன்று காலை நீங்கள் தொலைபேசியில் அழைத்தபோது நான் சொல்லாமல் விட்டவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். "உன் முதலாளி தங்கமான மனுஷன்மா" என்றீர்கள். தங்கத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதுதானே வழக்கம், ஏன் வெளியில் விட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. "பேரு போடாம எழுதறவன் எல்லாம் கோழை" என்றீர்கள். எழுதியவர் யார் என்று நேற்றிலிருந்து எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. "நீ மனசுல பட்டதைத் தாராளமா சொல்லும்மா, ஸ்பீக்கர்லதான் போட்டிருக்கேன், முதலாளியும் இங்க பெஞ்சுல பக்கத்துலதான் உக்காந்திருக்கார்" என்றீர்கள். மனதில் பட்டதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. "சரி சித்தப்பா" என்று மட்டும் சொன்னேன். "நல்ல பொண்ணு, அதிகம் பேசாது" என்று முதலாளி எனக்குச் சான்றிதழ் கொடுத்தது இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது. அதற்கு நன்றியும் சொல்லவில்லை.

இதையெல்லாம் கைபேசியில் எழுதி அனுப்பினால் நீங்கள் முதல் வரியைப் படித்துவிட்டுக் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்புவீர்கள். மீதியைச் சித்தி படித்து, பெரியத்தைக்குப் போட்டு, அவர் என் அம்மாவுக்குப் போட்டு, மாலைக்குள் எனக்கே திரும்பி வந்துவிடும். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்தை யாரும் யாருக்கும் தள்ளிவிட முடியாது என்பது அதன் பெரிய நற்குணம்.

நாளை சனிக்கிழமை மாலைக்குள் என் பெயரில் நான்கு வரி எழுதி எங்கள் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டீர்கள். "வேலையில் ஒழுங்கில்லாத ஒருத்தியின் வயிற்றெரிச்சல் இது, எங்கள் முதலாளி எங்களைப் பெற்ற பிள்ளைகளைப் போல நடத்துகிறார்" என்று இருக்க வேண்டும் என்றீர்கள். வாசகத்தில் உங்கள் கைவண்ணம் தெரிந்தது. நீ நிறையப் படிக்கிற பெண், உனக்கு எழுத்து தண்ணீர் பட்ட பாடு என்றும் சொன்னீர்கள். சித்தப்பா, நான் என் சொந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில்கூடப் பெயர் எழுதுகிறவள் இல்லை. இணையத்தில் என் பெயரில் இதுவரை ஒரு வரி கிடையாது, ஒரு படம் கிடையாது. அப்படிப்பட்டவள் முதல்முதலாக உலகத்தின் முன்னால் வந்து நின்று சொல்லப்போவது முதலாளியின் தாயன்பைப் பற்றி என்பதால், விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டு எழுத வேண்டும் அல்லவா? உங்களுக்கும் புரிய வேண்டும். அதற்காகத்தான் இந்த நீளம்.

காது கேட்கும் கருவி விற்கும் எங்கள் மையத்துக்கு நீங்கள் வந்ததில்லை. செருப்புக் கடைக்கு மேலே, செங்குத்தான மாடிப்படி ஏறி வர வேண்டும். காது கேட்காதவர்களுக்குக் கால் நன்றாக இருக்கும் என்று யாரோ முதலாளியிடம் சொல்லியிருக்கிறார்கள். முன்னறையில் ஒன்றோடொன்று பிணைத்த இரும்பு நாற்காலிகள், தண்ணீர்க் குடுவை, என் மேஜை, சுவரில் ஒரு கடிகாரம். அது நேரம் சரியாகக் காட்டாது. டிக் டிக் என்று பலமாக அடிக்கும், அவ்வளவுதான். கருவியைக் காதில் மாட்டியதும் பெரியவர்கள் "அட, கடிகாரம் கேக்குதே" என்று மலர்ந்து சொல்வதற்காக வாங்கியது. அடுத்து பீப் அண்ணனின் கண்ணாடிக் கூண்டு. அவர் உள்ளே உட்கார்ந்திருப்பவரின் காதுக்குப் பீப் பீப் என்று ஒலி அனுப்புவார், கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். அதையும் தாண்டினால் அச்சு அக்காவின் மேஜை. காதுக்குள் மாவு மாதிரி ஒன்றைச் செலுத்தி, இறுகியதும் எடுத்து, அந்தக் காதுக்கென்றே அச்சு வார்ப்பவர் அவர். கடைசியில் முதலாளியின் உள்ளறை. அதன் கதவு மெத்தை வைத்துத் தைத்தது. சாத்தினால் உள்ளே வெடி போட்டாலும் வெளியே கேட்காது. முதலாளி அதைத் தட்டிக் காட்டாமல் யாரையும் உள்ளே விட்டதில்லை.

இனி எங்கள் இணையப் பக்கத்தில் முதலாளியின் மேல் வந்த குற்றச்சாட்டுகளுக்கு வருகிறேன். அவர் கத்துகிறார் என்று வந்திருக்கிறது. இதை நான் மனமார மறுக்கிறேன். பூக்கடைக்காரர் மேல் பூ வாசனை அடிக்கிறது என்று யாராவது புகார் எழுதுவார்களா? காலையில் முதல் வாடிக்கையாளருக்காக உயர்த்திய குரலை அவர் மாலைவரை இறக்குவதில்லை, தொழில் பக்தி. அச்சு அக்கா ஒருநாள், "சார், எனக்குக் காது நல்லாவே கேக்கும் சார்" என்றார். "கேக்குதுல்ல, அப்புறம் ஏன் சொன்னதைச் செய்யல?" என்றார் முதலாளி. இதில் எங்கே தவறு? ஊழியர்களை உட்கார விடுவதில்லை என்பதும் அபாண்டம். எங்களுக்கு நாற்காலிகள் இருந்தன. நாங்கள் அவற்றில் உட்கார்ந்துவிட்டோம், அதனால்தான் எடுத்துவிட்டார். இன்னொன்று, ஒருவர் போட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுத்த கருவியைத் துடைத்து, புதுப் பெட்டியில் வைத்து, புதிது என்று விற்கிறாராம். துடைப்பது உண்மை. பளபளவென்று துடைப்போம், நானே துடைத்திருக்கிறேன். ஒரு காதில் கொஞ்ச காலம் குடியிருந்த கருவிக்கு அனுபவம் இருக்கிறது, அந்த அனுபவத்துக்கென்று அவர் தனியாக விலை வைக்கவில்லை என்பதை ஏன் யாரும் பாராட்டவில்லை?

விடுப்பு விஷயம் மட்டும் எனக்குக் கொஞ்சம் தொண்டையில் நிற்கிறது, அதையும் விழுங்கப் பார்க்கிறேன். அச்சு அக்காவின் மகளுக்குக் காலில் அறுவைச் சிகிச்சை. சின்னப் பெண், பள்ளிக்கூடம் போகிறவள். அக்கா உள்ளறைக்குப் போய் ஒருநாள் விடுப்பு கேட்டார். "ஆபரேஷன் பண்றது டாக்டரு. நீ அங்க போய் கத்தி எடுத்துக் குடுக்கப் போறியா?" என்றார் முதலாளி. அறிவுபூர்வமான கேள்விதான். அன்றைக்கு மகளைப் பக்கத்து வீட்டுக்காரி அழைத்துப் போனார். அக்கா இங்கே நின்றபடி யாருடைய காதுக்கோ அச்சு வார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஓர் அச்சுகூடக் கோணவில்லை, நான் பார்த்தேன்.

இந்த வாக்கியம்தான், முதலாளி சொன்னது சொன்னபடி, எங்கள் பக்கத்தில் வந்தது. அந்தப் பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது முதலாளியின் சொந்த யோசனை. கருவி வாங்கும் முன் சில வாரம் போட்டுப் பழகுவதற்காகப் பெரியவர்கள் முன்னறையில் வந்து உட்காருவார்கள். அவர்கள் தினமும் "இன்று தெளிவாகக் கேட்டது" என்ற கட்டத்தில் ஏதாவது எழுதி நட்சத்திரம் போட வேண்டும். காது மெஷின் போடுவதை வெளியில் சொல்ல வெட்கப்படுவார்கள் என்று பெயர் கேட்காத ஏற்பாடு செய்தவரும் அவரே. "குக்கர் விசில். நான்கு நட்சத்திரம்." "தகரத்தில் மழை. ஐந்து நட்சத்திரம்." "என் மகன் போனில் மெதுவாகப் பேசியது. ஒரு நட்சத்திரம்." இப்படி வரும். இவற்றுக்கு நடுவில்தான் திங்கட்கிழமை, "'ஆபரேஷன் பண்றது டாக்டரு. நீ அங்க போய் கத்தி எடுத்துக் குடுக்கப் போறியா?' ஐந்து நட்சத்திரம்." அதற்குக் கீழே நாற்காலி, அதற்கும் கீழே புதுப் பெட்டி, எல்லாம் உள்ளறைப் பேச்சு, எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம். யாரோ அதைப் படமெடுத்து ஊரெல்லாம் அனுப்ப, முன்பின் தெரியாதவர்கள் வந்து முதலாளியைத் திட்டிவிட்டுப் போனார்கள்.

வாடிக்கையாளர் எழுதும் இடத்தில் வந்தால் வாடிக்கையாளர்தானே எழுதியிருப்பார் என்று உங்களுக்குத் தோன்றும். எங்களுக்குத் தோன்றவில்லை. அந்தக் கதவு அப்படிப்பட்டது. முதலாளி எங்கள் மூவரையும் உள்ளறைக்கு அழைத்து, கைபேசிகளை ஒரு தட்டில் வாங்கி வைத்துக்கொண்டு, விசாரணையைத் தொடங்கினார்.

"இந்த ரூமுக்குள்ள பேசினது வெளியில போயிருக்கு. கதவு சாத்தியிருந்தது. கதவைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல. வெளியில உக்காந்திருந்தவங்க யாரு? எல்லாம் காது கேக்காத ஜனம். அப்ப யாரு எழுதினது? சுவரா?"

முதலாளி கைபேசித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இங்க யாருக்காவது ஏதாவது குறை இருக்கா? இருந்தா தைரியமா கையைத் தூக்குங்க."

அந்த நேரம் பார்த்து, முதலாளியின் மேஜைமேல் அணைக்காமல் வைத்திருந்த பழைய சோதனை இயந்திரம் பீப் என்றது. பீப் அண்ணனின் விரல் தன்னால் மேலே போனது.

"உனக்கு என்னப்பா குறை?"

"ஐயோ, குறை இல்ல சார். பீப் கேட்டுச்சு."

"இறக்கு விரலை."

இறக்கினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு வந்தால் எனக்கு இருமல் மாதிரி வரும், அதனால் இருமினேன். முதலாளி என் பக்கம் திரும்பவே இல்லை. அதிகம் பேசாத பெண் எழுதவும் மாட்டாள் என்பது அவர் கணக்கு. நேரே அச்சு அக்காவைப் பார்த்தார்.

"லீவு கேட்டது நீ. அந்த வார்த்தையைச் சொன்னது உங்கிட்ட. வேற யாருக்கும்மா தெரியும்?"

"நான் எழுதல சார்."

"எழுதினவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"எழுதாதவங்களும் அப்படித்தானே சார் சொல்லணும்?"

"பாத்தியா, பேச்சைப் பாரு. இந்தப் பேச்சுதான் அங்க வந்து எழுத்தா நிக்குது. சனிக்கிழமைக்குள்ள அத்தனையும் அழிஞ்சிருக்கணும். இல்லன்னா திங்கட்கிழமை நீ வர வேண்டாம்."

"எழுதாததை எப்படி சார் அழிக்கிறது?"

"எழுதத் தெரிஞ்சவங்களுக்கு அழிக்கத் தெரியும்."

அக்கா அழவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. வெளியே வந்து கத்தரிக்கோலை எடுத்து, பாதியில் விட்டிருந்த அச்சின் ஓரத்தை வெட்டினார். பிறகு என்னிடம், "நான்தான் எழுதினேன்னு ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டுட்டா வேலையில வெச்சுப்பாராடி?" என்று கேட்டார். "அப்புறம் அழிக்கச் சொல்லுவார் அக்கா" என்றேன். "ஆமால்ல" என்றார். மகள் இன்னும் கட்டோடு படுத்திருக்கிறாள், வீட்டில் சம்பாதிப்பவர் அக்கா ஒருவர்தான். உங்களுக்கு இது தேவையில்லாத விவரம் என்று தெரியும். பெஞ்சில் உங்கள் பக்கத்தில் இருந்தவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார் என்பதால் எழுதி வைக்கிறேன்.

அன்று தேநீர் நேரத்துக்குள், "'எழுதாததை எப்படி சார் அழிக்கிறது?' ஐந்து நட்சத்திரம்" என்று பக்கத்தில் வந்துவிட்டது. எங்கள் கைபேசிகள் அப்போதும் முதலாளியின் தட்டில்தான் இருந்தன. இதிலிருந்து அக்கா எழுதவில்லை என்று சாதாரண மனிதர்கள் முடிவு செய்வார்கள். முதலாளி சாதாரண மனிதர் இல்லை. "வீட்டுக்காரனுக்கு முன்னாடியே சொல்லிக் குடுத்திருக்கா, இப்படி இப்படிக் கேப்பாங்கன்னு" என்றார். அக்காவுக்கு வீட்டுக்காரர் இல்லை என்று பீப் அண்ணன் நினைவூட்டினார். "அப்ப வேற யாருக்கோ" என்றார் முதலாளி. எவ்வளவு நெகிழ்வான மனம் பாருங்கள்.

நேற்று முன்னறையில் என் மேஜைக்கு அருகில் சுருக்கெழுத்து ஐயா உட்கார்ந்திருந்தார். நீதிமன்றத்தில் காலமெல்லாம் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் வந்து பார்த்துச் சம்மதித்தால்தான் கருவி வாங்குவேன் என்பார். மகன் வருகிற மாதிரி தெரியவில்லை, அதனால் ஐயா பழகிக்கொண்டே இருக்கிறார். பக்கத்தில் எப்போதும் பின்னல் ஊசியோடு இருக்கும் ஓர் அம்மாள். ஐயா என் பக்கம் குனிந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா? அந்தப் பொண்ணுக்குக் கடைசியில லீவு கெடச்சுதா இல்லையா?"

"எந்தப் பொண்ணுக்கு ஐயா?"

"அதான்மா, மகளுக்குக் கால்ல ஆபரேஷன்னு கேட்டுச்சே. மறுநாள் என்னால வர முடியல. அந்தப் பகுதி போயிடுச்சு."

"எந்தப் பகுதி?"

"நீங்க பயிற்சிக்குப் போடுற நாடகம்தான். காதுக்குள்ளயே நேரா வருதே. என்ன தெளிவு. நம்ம முதலாளியே வில்லனுக்குக் குரல் குடுக்கறார் போல. இவ்வளவு வேலைக்கு நடுவுல அதுக்கும் நேரம் ஒதுக்கறாரே, பெரிய மனசு."

பின்னல் அம்மாள் ஊசியை நிறுத்தாமலே, "அந்தப் பொண்ணு அழாமலே பேசுது பாருங்க, அதான் நடிப்பு" என்றார்.

சித்தப்பா, எனக்கு அப்போதுதான் வண்டு நினைவுக்கு வந்தது. முதலாளியின் சட்டைக் காலரில் கவ்வியிருக்கும் ஒரு குட்டி ஒலிவாங்கி அது, நாங்கள் வைத்த பெயர்தான் வண்டு. அதில் பேசினால் முன்னறையில் இருக்கும் பழகு கருவிகள் எல்லாவற்றிலும் நேராகக் கேட்கும். வருகிறவர்களை வியக்க வைப்பதற்காகக் காலையில் மாட்டுவார், வீட்டுக்குப் போகும்போதுதான் கழற்றுவார். பெரிய அதிகாரி மாதிரி தெரிகிறது என்று அவர் மனைவி சொன்னாராம். மெத்தைக் கதவு காற்றைத்தான் மறிக்கும். வண்டுக்குக் கதவு ஒரு பொருட்டில்லை.

"பக்கத்துல எழுதறது நீங்களா ஐயா?"

"தெளிவாக் கேட்டதை எழுதச் சொன்னது நீங்கதானே? கேட்டதைக் கேட்டபடி எழுதுவேன், கூட ஒரு சொல் சேக்க மாட்டேன். அது தொழில் புத்தி. நட்சத்திரம் குறைச்சுட்டேனா?"

நாடகம் இல்லை என்று நான் சொன்னேன். லீவு கிடைக்கவில்லை என்றும் சொன்னேன். அவர் கண்ணாடிக் கூண்டைத் தாண்டி அச்சு அக்காவின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அழிச்சிடட்டுமா?" என்றார். "அழிச்சா அவங்கதான் எழுதினதா ஆயிடும் ஐயா" என்றேன். பின்னல் ஊசி நின்றுவிட்டது. ஐயா எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு மெத்தைக் கதவைத் தள்ளி உள்ளே போனார். நானும் பின்னால் போனேன்.

"சார், நான்தான் எழுதினேன்" என்றார் ஐயா.

"உக்காருங்க பெரியவரே. யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. நீங்க பேசினது எனக்குக் கேட்டுச்சு."

"கேட்டிருக்காது."

"கேட்டுச்சுங்க. நீங்க குடுத்த மெஷின்லதான் கேட்டுச்சு."

"பெரியவரே, நான் இந்தத் தொழில்ல தலை நரைச்சவன். அதுல அவ்வளவெல்லாம் கேக்காது, எனக்குத் தெரியாதா? மாட்டிக்கிட்டா மனசுக்கு ஒரு தைரியம். பாதிப் பேருக்கு அதுதான் வேலை செய்யுது. அந்தம்மா உங்களைப் புடிச்சு உள்ள அனுப்பியிருக்கா, உங்க வயசைப் பாத்து நான் ஒண்ணும் சொல்லல."

"சார், வண்டு ஆன்ல இருக்கு" என்றேன் நான். இரண்டு ஆண்டில் அந்த அறையில் நானாகச் சொன்ன முதல் வாக்கியம் என்று நினைக்கிறேன். குனிந்து காலரைப் பார்த்தார். "இருந்தா என்ன? வெளியில யாருக்குக் கேக்கப் போகுது?" என்றார்.

சித்தப்பா, இதை நான் எத்தனையோ முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு மனிதர் குற்றத்தை முழுசாக ஒப்புக்கொள்கிறார். அவரை நம்ப வேண்டுமென்றால் முதலாளி தான் விற்கும் பொருள் வேலை செய்கிறது என்று நம்ப வேண்டும். அந்த அளவுக்குப் போக அவர் தயாராக இல்லை. இவ்வளவு தன்னடக்கம் உள்ள வியாபாரியை நீங்கள் வேறெங்கே பார்ப்பீர்கள்?

ஐயா காதிலிருந்து கருவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். முன்னறைக்கு வந்தால், நாற்காலிகளில் இருந்த அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னல் அம்மாள் தன் கருவியைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். ஐயா யாரையும் பார்க்காமல் படி இறங்கினார். "ஐயா, குடை" என்று கூப்பிட்டேன். பாதிப் படியில் மறுபடியும் கூப்பிட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. நான் ஓடிப்போய்க் கொடுத்தேன். கீழே செருப்புக் கடை வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, உலகத்துக்கே கேட்கும் குரலில், "அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு" என்றார்.

இப்படியாக, முதலாளியின் மேல் எந்தக் களங்கமும் இல்லை என்பது வெள்ளிடை மலையாகத் தெரிகிறது. அவர் சொன்னதைச் சொல்லியிருக்கிறார், செய்ததைச் செய்திருக்கிறார். அவதூறு என்பது இல்லாததைச் சொல்வது. இங்கே இல்லாதது எதுவும் சொல்லப்படவில்லை என்பதால், அவர் அவதூறுக்கு ஆளாகவே இல்லை. இதைச் சொல்லி அவரைத் தேற்றுங்கள்.

ஆகவே நீங்கள் கேட்ட நான்கு வரியை நீங்கள் சொன்னபடியே எழுதித் தருகிறேன். ஒழுங்கில்லாத ஒருத்தி, வயிற்றெரிச்சல், பெற்ற பிள்ளைகள், எல்லாம் வரும். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் நீங்கள். காலையில் நடக்கப் போகும்போது உங்களுக்குப் பேச்சுத் துணை அவர். அந்தப் பெஞ்சில் நீங்கள் இருவரும் முகம் திருப்பி உட்கார வேண்டியதாகிவிட்டால் அந்தப் பாவத்தை நான் சுமக்க வேண்டாம். நம் குடும்பத்துப் பெயர் கெடக்கூடாது என்றும் சொன்னீர்கள். அச்சு அக்காவுக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது, ஆனால் அவர்கள் உங்களோடு நடக்க வருவதில்லை. நான் எதையும் பெரிதுபடுத்தவில்லை. நிம்மதியாக இருங்கள்.

சித்திக்கு என் அன்பு. முழங்காலுக்குச் சூடான துணி ஒற்றடம் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டு பேரும் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும், ஸ்பீக்கரை அணைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

உங்கள் ஆசியை நாடும்,
அண்ணன் மகள்

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை எழுதிய கடிதத்தை உறையில் போட்டு ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று திங்கட்கிழமை. மேலே தருவதாகச் சொன்ன நான்கு வரியை எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. பதிலாக இதை எழுதி, கீழே என் முழுப் பெயரைப் போட்டு, சனிக்கிழமை எங்கள் இணையப் பக்கத்தில் இட்டேன்:

"பெயரில்லாமல் வந்த பதிவுகள் பொய் என்று சிலர் சொல்கிறார்கள். அது எங்கள் கருவிகளுக்குச் செய்யும் அவமானம். அங்கே எழுதியிருக்கும் ஒவ்வொரு சொல்லும் உள்ளறையில் பேசப்பட்டது. சிலவற்றைப் பேசும்போது நானும் உள்ளே இருந்திருக்கிறேன், புதுப் பெட்டியில் வைக்கப் பழைய கருவியைத் துடைத்தும் இருக்கிறேன். அதை எழுதியவர் எங்கள் வாடிக்கையாளர், ஊழியர் அல்ல. மெத்தைக் கதவைத் தாண்டி ஒரு சொல் பிசகாமல் கேட்டிருக்கிறது. எங்கள் கருவியின் தரத்துக்கு இதைவிடப் பெரிய சான்று இல்லை."

முதலாளி கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு, சனிக்கிழமை முழுவதும் ரொம்ப மகிழ்ச்சியாக இருந்தாராம். "பொண்ணு என்னமா எழுதியிருக்கு பாரு" என்று பீப் அண்ணனிடம் காட்டினாராம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெஞ்சில் வைத்து யாரோ முழுவதையும் படித்துக் காட்டியிருக்கிறார்கள். அது நீங்களாக இருக்கும் என்று நினைக்கிறேன். பெயர் போட்டு எழுதியவள்தான் பெயர் போடாமலும் எழுதியிருப்பாள், எல்லாவற்றுக்கும் காரணம் நான்தான் என்று முடிவாகிவிட்டது.

இன்று காலை அச்சு அக்கா வேலைக்குப் போனார். என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.